அன்றைக்கே புசிக்கவேண்டிய பலி

வேத பாடம்: லேவியராகமம் 7:11-15, லூக்கா 17:11-19



இந்த மாதம் ஸ்தோத்திர பலியைக் குறித்துக் கொஞ்சம் தியானிப்போம். வேதத்தைத் திறந்து லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேவியராகமம் என்றவுடனே சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் ஐந்து பலிகளையும் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினேன். எழுதின மறுவாரமே மறந்தும் போனேன். அந்த அதிகாரத்தை எனக்கு மறுபடியும் படிப்பித்தவன் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பையன். அப்போது அவன் கையில் இருந்தது வேதப்புத்தகம் அல்ல, ஒரு கடலைமிட்டாய்.

முதலாவது வசனங்களைப் பார்த்துவிடுவோம். சமாதான பலிகளில் ஒரு வகை ஸ்தோத்திர பலி. ஒரு மனுஷன் தேவன் தனக்குச் செய்த நன்மைக்காக அதைக் கொண்டுவருகிறான். மிருகத்தோடுகூட எண்ணெயில் பிசைந்த பலகாரங்களும் வேண்டும். அதிரசம், அடை என்று நம்முடைய தமிழ் வேதத்தில் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு அழகு! 13-ஆம் வசனத்தில் இன்னொரு ஆச்சரியம். பலிபீடத்தின்மேல் எரிக்கிறதில் புளித்தமா கூடவே கூடாது என்று 2-ஆம் அதிகாரத்தில் கண்டிப்பாய்ச் சொன்ன தேவன், இந்தப் பலியோடுகூடப் புளித்த அப்பத்தையும் கொண்டுவரச் சொல்லுகிறார். அதாவது வீட்டிலே தினமும் சாப்பிடுகிற அப்பம்.

இப்பொழுது 15-ஆம் வசனம். பொருத்தனைக்காகவோ உற்சாகமாகவோ செலுத்துகிற பலியின் மாம்சத்தை மறுநாளும் சாப்பிடலாம் (வசனம் 16). ஆனால் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை மறுநாள் காலைவரைக்கும் வைக்கக்கூடாது. செலுத்தின அன்றைக்கே புசித்து முடித்துவிட வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை, ஆகையால் நானும் யோசிக்கவில்லை.

2021 அக்டோபரில் நம் மாநிலத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பமானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடின பள்ளிக்கூடங்கள் ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிற்று. செல்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏதோ படித்தார்கள். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டியிருக்கிற எங்கள் தெருக்களில் எத்தனை வீட்டில் அப்படிப்பட்ட போன் இருந்தது? மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு 'க' எது 'ச' எது என்று தெரியவில்லை. எங்கள் சபைச் சகோதரி ஒருவர் அந்தத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, தன் வீட்டு முன்னால் ஓலைப் பந்தலில் சாயங்காலம் வகுப்பு நடத்தினார்கள். பையன்கள் அடங்கவில்லை. "பிரதர், வாரத்துல ரெண்டு நாள் வந்து கணக்கு மட்டும் எடுங்க, உங்க சத்தத்துக்காவது பயப்படுவானுங்க" என்று கூப்பிட்டார்கள்.

பகலில் எனக்கு லாரி எடைமேடையில் கணக்கெழுதுகிற வேலை. உப்பு லாரிகள் வெறுமையாக எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரைக்கும் எழுதுவேன். அது முடிந்து செவ்வாயும் வியாழனும் பந்தலுக்குப் போக ஆரம்பித்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே நான் பிரசங்கம் பண்ணுகிறதில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிற இடம் அது. கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனால் கணக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரு சாட்சிதான். 1780-இல் இங்கிலாந்து தேசத்தில் குளோஸ்டர் பட்டணத்தில் ஓய்வுநாள் பள்ளியை ஆரம்பித்த இராபர்ட் ரெய்க்ஸ் ஒரு போதகர் அல்ல, பத்திரிகை நடத்தினவர். வாரமெல்லாம் வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வாயிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே முக்கியமான வேலையாயிருந்தது. இதை நாம் மறந்துபோகிறோம்.

கடலைமிட்டாய்க்கு வருகிறேன். ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லுகிற பிள்ளைக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒன்று என்று அறிவித்திருந்தேன். இந்தப் பையன் மூன்று வாரம் 'ஏழெட்டு' வந்தவுடனே நின்றுவிடுவான். நாலாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் ஏழுபத்து எழுபது வரைக்கும் சொல்லிவிட்டான். மிட்டாயைக் கொடுத்தேன். வாங்கின கையோடு முட்டியில் வைத்து உடைத்தான். நாலு துண்டு. பக்கத்திலிருந்த மூன்று பேர் கையில் வைத்துவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான். அந்த மூன்று பேரில் ஒருவன் அன்றைக்குக் காலையில்தான் இவனை அடித்திருந்தான்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "லே, அது உனக்குத்தாம்ல குடுத்தேன். கஷ்டப்பட்டுப் படிச்சது நீ. பாதியையாவது நாளைக்கு வச்சுக்கக் கூடாதா?" என்றேன். அவன் வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு எறும்பு வந்துரும் சார்."

அன்றைக்கு ராத்திரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, லேவியராகமம் 7:15 ஞாபகத்துக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு முன் மனப்பாடம் பண்ணின வசனம்! ஒரு குடும்பம் ஒரு மாட்டை ஒரே நாளில் சாப்பிட்டு முடிக்குமா? அதிரசமும் அடையும் வேறே. காலைவரைக்கும் வைக்கக்கூடாது என்றால் என்ன செய்வான்? அக்கம்பக்கத்தானைக் கூப்பிடுவான், சண்டைபோட்டவனையும் கூப்பிடுவான். வந்தவர்கள் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள், இவன் தேவன் செய்ததைச் சொல்லுவான். பங்கிடாமல் அந்தப் பலியைச் சாப்பிட்டு முடிக்கிறது கஷ்டம், தள்ளிப்போட்டால் அது கெட்டுப்போகும். இப்படித்தான் நான் அந்த வசனத்தை விளங்கிக்கொள்ளுகிறேன். மற்ற போதகர்கள் வேறு விதமாகவும் சொல்லலாம்.

பிரியமானவர்களே, இது நடந்தவுடனே நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். அதற்குப் பிறகுதான் ஒரு காரியத்தில் நான் பலமாகத் தவறினேன். அதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

2023 ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சமயம். வெளியூரிலிருந்து சிலர் நோட்டுப் புத்தகங்களும் பேனாவும் கொண்டுவந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான், அவர்களைக் குறைசொல்லவில்லை. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினோம். எல்லாரும் சேர்ந்து "தேங்க்யூ" சொன்னார்கள். போட்டோவில் பேனர் சரியாக விழவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். சொன்னார்கள். மூன்றாந்தரம் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னபோது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் எத்தன தடவ சார் சொல்லணும்?" என்று கேட்டாள். எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. வந்தவர்கள் முன்னால், என் மாணவி! "நன்றிகெட்ட பிள்ளையா இருக்கியே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். போட்டோவும் எடுத்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவளைப்பற்றி அல்ல, என்னைப்பற்றித்தான் நினைத்தேன். ஒன்றரை வருஷமாகச் சம்பளம் இல்லாமல் வந்து போகிறேனே, ஒரு பிள்ளையாவது "சார், நீங்க வாரது சந்தோசமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறதா? பெற்றோர் ஒருவராவது ஒரு டம்ளர் டீ கொடுத்திருக்கிறார்களா? ஜெபத்திலேயே இதைச் சொல்லிக் கர்த்தரிடத்தில் முறையிட்டேன். நானும் என் மனைவியும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உபவாச ஜெபத்தில் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லுகிறவர்கள். அந்த வெள்ளிக்கிழமையும் சொன்னேன். முந்நூறு தாண்டும்போது அந்தப் பிள்ளையின் கேள்விதான் காதில் விழுந்தது. இன்னும் எத்தன தடவ சார்?

சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா உப்பளத்தில் தலைச்சுமையாக உப்புக் கொட்டுகிற வேலை. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க விடியற்காலம் நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். நான் போனபோது அந்தச் சகோதரி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். உப்புத்தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள்ளே உப்பு. அந்தப் பிள்ளை ஒரு சட்டியில் நல்ல தண்ணீர் வைத்து அம்மா காலை எடுத்து மடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். துணியால் ஒற்றி, வெடிப்பு ஒவ்வொன்றிலும் விரலால் தேங்காயெண்ணெய் வைத்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஒரு கால் முடிந்து மறு காலை எடுத்தாள்.

"டெய்லி செய்வாளா?" என்று கேட்டேன். "ஆமாங்கய்யா, நான் வேண்டாம்னாலும் கேக்க மாட்டா. நடந்து வந்ததுக்கு அப்படிங்கா" என்றார்கள் அம்மா.

இந்தப் பிள்ளையைத்தான் நன்றிகெட்டவள் என்று சொன்னேன்! எபிரெய பாஷையில் ஸ்தோத்திரத்துக்கு 'தோதா' என்கிற வார்த்தை உண்டு. அந்த வார்த்தைக்கும் கை என்கிற வார்த்தைக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்குத் திண்ணையில் அதைக் கண்ணால் பார்த்தேன். வாயினால் மூன்றாந்தரம் சொல்ல மாட்டேன் என்றவள், கையினால் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

"நான் அப்படிச் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுரு" என்றேன். பெரிய மனுஷன் ஒருவன் தன்னிடத்தில் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்திருக்க மாட்டாள்போல. எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "செவ்வாக்கெழம வருவேன் சார்" என்றாள், அவ்வளவுதான்.

இப்பொழுது லூக்கா 17-க்கு வாருங்கள். பத்துக் குஷ்டரோகிகள். நாம் அநேகந்தரம் கேட்ட பிரசங்கம். ஒருவன் திரும்பி வந்தான், ஒன்பது பேர் வரவில்லை, நீ அந்த ஒருவனாக இரு என்று முடிப்போம். நானும் அப்படித்தான் முடித்திருக்கிறேன். ஆனால் அந்த வாரம் வாசித்தபோது இரண்டு காரியங்களை ஆவியானவர் உணர்த்தினார்.

ஒன்று, அந்த ஒன்பது பேரும் கீழ்ப்படியாதவர்கள் அல்ல. ஆசாரியரிடத்தில் போய்க் காண்பியுங்கள் என்று இயேசு சொன்னார், அவர்கள் போனார்கள். லேவியராகமம் 14-இன்படி செய்யவேண்டியதைச் செய்யப் போனார்கள். என்னைப்போல ஒழுங்கான சபைக்காரர்கள். திரும்பி வந்தவனோ சமாரியன், நம் ஜாபிதாவில் இல்லாதவன். எங்கள் பந்தலில் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் நம் சபை வாசற்படியை மிதித்ததில்லை. ஆனாலும் எனக்கு இந்தப் பாடத்தை அவர்கள்தான் படிப்பித்தார்கள்.

இரண்டாவது காரியம்தான் என்னைக் குத்தினது. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். கேட்டது உண்மை, அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அவர்களுடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறதா? இல்லை! ஒன்பது பேரும் சுத்தமான தோலோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். நானோ, ஒரு பிள்ளை ஒருதரம் நான் எதிர்பார்த்தபடி நன்றி சொல்லாததினால், கொடுத்துவந்த அன்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, வாலிபரை நடத்துகிற சகோதரரே, ஆஸ்பத்திரி ஊழியம் செய்கிற சகோதரிகளே, நீங்கள் எப்படி? யாருக்குச் செய்தீர்களோ அவர்கள் வந்து சொல்லவில்லை என்று உங்கள் உள்ளத்தில் ஒரு கணக்குப் புத்தகம் ஓடுகிறதா? வெறும் லாரி, பாரத்தோடு லாரி என்று நான் எழுதுகிற புத்தகத்தைப்போல?

அந்த வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். குளங்கள் உடைந்து நம் பட்டணத்துக்குள் வெள்ளம் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு. என் வேதாகமக் கல்லூரிப் புத்தகங்கள், இருபது வருஷப் பிரசங்கக் குறிப்புகள், எல்லாம் கூழாகிவிட்டன. தண்ணீர் வடிந்தபிறகு அந்தக் குப்பையைத் தெருவில் அள்ளிப்போட்டுக்கொண்டு நான் முறுமுறுத்தேன். ஆம், சபை மூப்பர் நான், முறுமுறுத்தேன். எத்தனை வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருக்கிறேன், ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லையே என்று.

வந்தது யார்? அந்தக் கடலைமிட்டாய்ப் பையனும் இன்னும் நாலைந்து பேரும். பந்தல் போய்விட்டது. அவன் வீட்டில் பாத்திரங்கள் வரைக்கும் மிதந்து போயிருந்தன. ஆனால் வகுப்புக் கரும்பலகையை அவன் அப்பா உத்திரத்தில் கயிற்றால் கட்டிவைத்திருந்தாராம். அதை இரண்டு பேர் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள். "சார், போர்டு இருக்கு. சாக்பீஸ்தான் கரஞ்சிட்டு" என்றான். அவன் முகத்தில் என்ன சந்தோஷம்! என் வீட்டில் என்ன போயிற்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவன் எது இருக்கிறது என்று சொல்ல வந்தான். அதைச் சொல்ல அரை கிலோமீட்டர் சகதியில் நடந்து வந்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிப்பு. "ஏழைப் பிள்ளைகளைப் பார், ஒன்றும் இல்லாமலே எவ்வளவு சந்தோஷம்" என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக்கூடாது. அப்படிச் சொல்லுகிற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பசியும் தெரியும், கோபமும் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளருக்கு அரசாங்கம் ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்ததே 2022-இல்தான். மூன்று மாதத்தை ஐயாயிரத்தில் ஓட்டிப் பாருங்கள்! வேலைக்காரருடைய கூலி பிடித்துவைக்கப்பட்டால் அதன் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவியில் எட்டுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறாரே, அதுவும் ஸ்தோத்திரம் பண்ணச் சொன்ன அதே வேதத்தில்தான் இருக்கிறது. நன்றியுள்ளவன் வாய்மூடிக் கிடக்கவேண்டும் என்று தேவன் சொல்லவில்லை. அம்மாவின் காலைக் கழுவுகிற பிள்ளை, அம்மாவுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுக்காத முதலாளியைக் குறித்து என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியாக ஒரு காரியம். இதற்காகத்தான் இந்தப் பாடத்தையே எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. புதுப் பந்தல். வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்பிள்ளையும் வந்திருந்தாள். "சார், உங்களுக்கு யாரு வாய்ப்பாடு சொல்லித் தந்தா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல ஒரு டீச்சர்" என்றேன்.

என் அப்பா பனையேறி. நாசரேத் பக்கத்தில் எங்கள் கிராமம். அந்த டீச்சர் ஓய்வுநாள் பள்ளியும் நடத்துவார்கள், மற்ற நாட்களில் சாயங்காலம் தங்கள் வீட்டு வராந்தாவில் எங்களைப்போலப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காசு வாங்காமல் பாடமும் சொல்லிக் கொடுப்பார்கள். 1994-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்ட அப்பாவிடம் இல்லை. மரத்திலிருந்து விழுந்து படுத்திருந்தார். கடைசி நாளில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே வந்து கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் வந்து சொல்லக்கூட இல்லை. நான் பாஸ் பண்ணினேன், டவுனுக்கு வந்தேன், வேலை, இரட்சிப்பு, அபிஷேகம், வேதாகமக் கல்லூரி, கலியாணம், ஊழியம். டீச்சரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைப்பேன், கிறிஸ்மஸ் வந்தால் நினைப்பேன்.

இவ்வளவும் நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, பணம் கட்டினதை மட்டும் சொன்னேன். "அவங்க இப்ப இருக்காங்களா?" என்றாள். "தெரியலம்மா." "நீங்க போய்ச் சொல்லலியா சார்?" என்றாள். குற்றப்படுத்தக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பந்தலில் இருந்த பதினெட்டுப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முன்னால் கரும்பலகை. நான் திரும்பி அதில் என்னத்தையோ எழுதினேன்.

முப்பது வருஷம். ஒரே இரவைக்கூட வைக்கக்கூடாத பலியை முப்பது வருஷம் வைத்திருந்தேன். நன்றிகெட்ட பிள்ளை என்று அவளைச் சொன்ன வாய் என்னுடையது. லூக்கா 17-இல் அந்த ஒன்பது பேர் எங்கே என்று நான் எத்தனை கூட்டங்களில் சத்தம்போட்டுக் கேட்டிருக்கிறேன்!

அப்பொழுதும் உடனே போகவில்லை. பிப்ரவரியில் கேட்டாள். மார்ச்சில் கணக்கு முடிக்கிற வேலை, ஏப்ரலில் உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்து கன்வென்ஷன். மே மாதத்தில் பையன் கேட்டான், "போய்ட்டு வந்துட்டீங்களா சார்?" அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். கையில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். வேறே என்ன கொண்டுபோவதென்று தெரியவில்லை.

டீச்சர் இருந்தார்கள். எண்பது வயதுக்கு மேலே. அதே வராந்தா. தங்கை மகள் கவனித்துக்கொள்ளுகிறார்கள். "ஆளு அடையாளம் தெரியாதுண்ணே, மூணு வருசமாச்சு" என்று உள்ளே விடும்போதே சொல்லிவிட்டார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்பா பேரைச் சொன்னேன். ஊர்ப்பேரைச் சொன்னேன். பத்தாம் வகுப்பு, பரீட்சை, பணம் என்று சொன்னேன். "நீங்க கட்டலைன்னா நான் இன்னைக்கு இல்ல டீச்சர். வந்து சொல்ல முப்பது வருசம் ஆக்கிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

பிரித்துக் கொடுத்தேன். பல் இல்லை. ஆனாலும் ஒன்றை எடுத்து, நாற்காலிக் கையில் வைத்துத் தட்டினார்கள். உடையவில்லை. நான் உடைத்துக் கொடுத்தேன். ஒரு துண்டை என் கையிலேயே திருப்பி வைத்தார்கள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். "சாப்ட்டியா?" என்று கேட்டார்கள். "சாப்ட்டேன் டீச்சர்." மறுபடியும் சத்தமில்லை. வெளியே யார் வீட்டிலோ சேவல் கூவினது. பிறகு திடீரென்று பழைய குரலில், விரலை நீட்டி, "ஏழெட்டு?" என்றார்கள்.

நான் எழுந்து நின்றேன். "ஐம்பத்தாறு, டீச்சர்."

"ம். ஏழொம்பது?"

"அறுபத்து மூணு."